விழுந்தவர் உடனே எழக்கூடாது

ஜூலைப் பள்ளி விடுமுறை முடிந்ததும் எங்கள் டர்பன் பிசியோதெரபி அறைகளுக்கு வீங்கிய முழங்கால்கள் வரத் தொடங்கும். லெசோத்தோ மலையில் உள்ள ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளத்துக்குப் போய்வந்தவர்கள். கடற்கரையில் வாழும் நாம் மோட்டெங் கணவாய் வழியாக ஒரே நாளில் 3000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். தொடை சீக்கிரமே சோர்ந்துவிடும். முதல் நாள் அரைநாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னால், கட்டிய காசு வீணாகிறதே என்பார்கள். அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் கால் சொன்னபடி கேட்காது.

பனிச்சறுக்குக் காலணியை (பூட்) ஸ்கீ பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங்கில் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கும். உள்ளே ஓர் எண். திருப்புளியால் திருகினால் எண் நகரும். எவ்வளவு விசையில் பூட் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகிய ஐந்தையும் வைத்து அட்டவணையில் பார்ப்பார்கள். 50 வயதைத் தொட்டவருக்கும் 10 வயதுக்குக் கீழான குழந்தைக்கும் ஒரு படி குறைத்து வைக்க வேண்டும். ‘நன்றாகச் சறுக்குவேன்’ என்று வாடகைக் கடையில் பெருமைக்குச் சொல்லும் தம்பிக்கு எண் ஏறிவிடும். விழும்போது பூட் கழலாது. எடையைக் குறைத்துச் சொன்னவருக்கோ நடுச் சரிவில் சும்மாவே கழன்றுவிடும். பூட்டின் அடியில் பனி அப்பியிருந்தாலும் கணக்கு தப்பும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டியெடுக்க வேண்டும்.

ஆனால் எண் சரியாக இருந்தாலும் முழங்கால் தப்பிவிடும் என்று நம்பக்கூடாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பைண்டிங் மேம்பட்டதால் குறைந்தது கணைக்கால் எலும்பு முறிவு. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வை அது அந்த அளவுக்குக் காப்பதில்லை. சறுக்குபவர் பின்பக்கம் சாய்கிறார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. மேட்டுப்பக்கக் கை பின்னால் போகிறது. பாரமெல்லாம் பள்ளப்பக்க ஸ்கீயின் வால் உள்விளிம்பில் விழுகிறது. அந்த வால் நெம்புகோலாகி, மடங்கிய முழங்காலை உள்பக்கமாக முறுக்குகிறது. பூட் கழலுமுன் ஜவ்வு கிழிந்துவிடும். பெரும்பாலும் இது விழுந்துகொண்டே எழ முயலும்போதுதான் நடக்கிறது.

அமெரிக்காவில் எட்லிங்கர், ஜான்சன், ஷீலி ஆகியோர் இந்த வீழ்ச்சிகளை வீடியோவில் பார்த்துப் பிரித்தறிந்து, சறுக்குதளக் காவலர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பாடமாக்கினார்கள். பயிற்சி பெற்றவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன என்று 1995இல் வெளியிட்டார்கள். புதுக் கருவி எதுவும் இல்லை, பழக்கம்தான் மாறியது. கைகளை முன்னால் வை. விழுவது உறுதியென்றால் விழு. முழங்காலை விறைக்காதே, மடக்கியே வை. முழுதாக நிற்கும்வரை எழாதே. வீட்டுப் புல்வெளியில் பத்து முறை பக்கவாட்டில் விழுந்து, அப்படியே கிடந்து பழகிவிட்டுப் போனால் உடம்புக்கு அது நினைவிருக்கும்.

இரண்டு காலையும் ஒரே பலகையில் பிணைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டில் மணிக்கட்டுதான் முறியும், ஏனென்றால் கையை ஊன்றுவார்கள். நார்வேயில் 5000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய சோதனையில், மணிக்கட்டுக் காப்பு அணிந்தவர்களில் 8 பேருக்கும், அணியாதவர்களில் 29 பேருக்கும் மணிக்கட்டில் அடிபட்டது. ஸ்கீக்காரருக்குக் கட்டைவிரல்: ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுந்தால் அடிமூட்டு ஜவ்வு பிய்யும். கோலை விட்டுவிட வேண்டும்.

விழும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முழங்கால் பந்தாக வீங்கினால் ஜவ்வு போயிருக்கலாம். அப்போதும் நடக்க முடியும். அதனால்தான் மறுபடி மேலே ஏறிவிடுகிறார்கள். ஏறாதீர்கள், ஜவ்வோடு, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வுத்தட்டும் கிழியும். ஜவ்வைச் சீரமைக்கும் அறுவைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகிறது என்கிறது 2016இன் ஆய்வு. ஆறாம் மாதத்தில் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி நீளத்தை அளந்தால் நல்ல காலை எட்டாது. அந்த டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்கிறோம்.