கோயில் சுத்திப் பாக்க வெயிட் கம்மியா ஒரு மிரர்லெஸ் கேமரா: தேடினது, வாடகைக்கு எடுத்துப் பாத்தது, வாங்கினது

என்கிட்ட இருந்த பழைய செட் நிக்கான் டி7200. 2015ல வந்த மாடல். படத்தோட தரத்துல இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். பிரச்சனை வெயிட் மட்டும்தான். பேட்டரி, கார்டு போட்ட பாடி 765 கிராம், 18-140 லென்ஸ் 490, கோபுரத்து மேல்நிலைல இருக்கற சுதைச் சிற்பம் எடுக்கறதுக்குன்னு 70-300 ஒண்ணு, அது 745. மூணையும் கூட்டுனா சரியா ரெண்டு கிலோ. சார்ஜர், தண்ணி பாட்டில், துண்டு, நோட்டு எல்லாம் இதுக்கு மேல. கார்ல போய் இறங்கி ஒரு கோயில் பாத்துட்டு திரும்பறவங்களுக்கு இது பெருசா தெரியாது. நான் போறது பெரும்பாலும் டவுன் பஸ்ல, இறங்கி நடந்து, அதுலயும் புதுக்கோட்டை பக்கம் நார்த்தாமலை மாதிரி இடம்னா வெறும் பாறை மேல ஏறணும், மேல விஜயாலய சோழீஸ்வரம் கோயில் வர்ற வரைக்கும் ஒதுங்க நிழல் கிடைக்காது, அங்க போய் சேரும்போது தோள்பட்டை விட்டுப்போய் கேமராவ வெளிய எடுக்கற ஆசையே பாதி போயிருக்கும். இவ்ளோ தூரம் வந்ததே அந்தச் சிலைங்கள நிதானமா பாக்கத்தானே.

அதனால மிரர்லெஸ்க்கு, அதாவது உள்ள கண்ணாடி (மிரர்) இல்லாத வகைக் கேமராவுக்கு, மாறலாம்னு முடிவு பண்ணி, முதல்ல ஒரு பேப்பர்ல கணக்கு போட்டேன். இந்தக் கணக்கத்தான் எல்லாரும் போடணும்னு நினைக்கறேன், ஏன்னா விளம்பரத்துல பாடி வெயிட்ட மட்டும்தான் பெருசா போடறாங்க, நாம தூக்கறது பாடிய மட்டும் இல்லயே.

கைல இருக்கற லென்ஸ வெச்சே ஓட்டலாமேன்னு நிக்கான் இசட்50 பாத்தேன். பேட்டரி கார்டோட 450 கிராம், கேக்கவே நல்லா இருக்கு. ஆனா பழைய லென்ஸ் மாட்ட எஃப்டிஇசட் 2 அடாப்டர் வேணும், அது 125. அப்புறம் அதே 490, அதே 745. மொத்தம் 1810. பாடி மாத்தி செலவு பண்ணி மிச்சமாகறது 190 கிராம்தான். வேண்டாம்னு விட்டுட்டேன். கண்ணாடிய எடுத்துட்டா பாடி மெலிசாகும், நிக்கான் பழைய மவுண்ட்ல (லென்ஸ் மாட்டற வாய்) சென்சார்லேருந்து (படம் பதியற சில்லு) லென்ஸ் மவுண்டுக்கு 46.5 எம்எம் தூரம், ஃபுஜி எக்ஸ் மவுண்ட்ல 17.7 தான். ஆனா லென்ஸோட கனம் சென்சார் சைஸையும் அப்பர்ச்சரையும் (வெளிச்சம் உள்ள வர்ற துவாரம், எஃப் எண் குறைஞ்சா அது பெருசு) பொறுத்தது, அது கண்ணாடி போனதால குறையாது.

ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்கு பெரிய சென்சார் இருக்கற கேமரா, அந்த ஆசையும் இருந்துச்சு. சோனி ஏ7சி 2 பாடி 514 கிராம் தான், ஃபுல் ஃப்ரேமுக்கு அது ஆச்சரியமான வெயிட். அதுக்கு ஏத்த 24-105 எஃப் 4 லென்ஸ் 663. ஒரே லென்ஸோட 1177 ஆயிடுச்சு, இன்னும் தூரத்துல இருக்கறத எடுக்கற லென்ஸ் கணக்குலயே வரல. இன்னொரு பக்கம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல (இது சின்ன சென்சார் வகை) ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4 பாடி 383, சின்ன 14-42 லென்ஸ் 93 தான், ரெண்டும் சேந்து அரை கிலோ கூட வரல, உள்ளயே ஸ்டெபிலைசேஷனும் (கை ஆட்டத்த சரிக்கட்டற வசதி) இருக்கு. மனசுக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். நான் விசாரிச்ச கடைங்கள்ல லென்ஸ் கைல எடுத்துப் பாக்கவே கிடைக்கல, பாக்காம வாங்க எனக்கு மனசு வரல, அதான் தள்ளி வெச்சேன். கிடைக்கற ஊர்ல இருக்கறவங்க தாராளமா பாக்கலாம்.

ஆக ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சென்சார் அளவு, ஏபிஎஸ்-சி தான்னு ஆச்சு. அதுலயும் எனக்கு என்ன வேணும்னு யோசிச்சப்ப மூணு விஷயம் தெளிவாச்சு. வியூஃபைண்டர் (கண்ண வெச்சுப் பாக்கற சின்ன ஜன்னல்) கட்டாயம் வேணும், உச்சி வெயில்ல பிரகாரத்துல நின்னுட்டு பின்னாடி ஸ்க்ரீன பாத்தா நம்ம முகம்தான் தெரியும், அதனால சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 ரெண்டும் 343, 405 கிராம்னு இருந்தும் லிஸ்ட்ல இருந்து போச்சு. ரெண்டாவது, கிட்ட போய் ஃபோகஸ் பண்ற லென்ஸ். மூணாவது ஸ்டெபிலைசேஷன், இதப் பத்தித்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

தொல்லியல் துறை கட்டுப்பாட்டுல இருக்கற இடங்கள்ல ட்ரைபாட் வெக்கணும்னா முன்னாடியே பர்மிஷன் வாங்கணும். நம்மள மாதிரி சும்மா ஆர்வத்துல போறவங்க கைலயே பிடிச்சுதான் எடுக்கணும். மண்டபத்துக்குள்ள வெளிச்சம் ரொம்ப கம்மி. அப்ப எல்லாரும் சொல்றது எஃப் 1.4 லென்ஸ் வாங்கு, வெளிச்சம் அள்ளிக்கும்னு. ஆனா சிற்பத்துக்குக் கிட்ட போய் 1.4ல எடுத்தா மூக்கு ஷார்ப்பா இருக்கும், காதும் தோளும் கலங்கிடும். சிற்பி எவ்ளோ ஆழமா செதுக்கியிருக்கான்னு காட்டணும்னா எஃப் 5.6, எஃப் 8 வரைக்கும் போகணும். அப்ப ஷட்டர மெதுவாக்கணும், இல்லன்னா ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்துக்கான சென்சார் உணர்திறன, ஏத்தணும். சிலை ஆடாது, நம்ம கைதான் ஆடும். கையோட ஆட்டத்த கேமரா பாத்துக்கிட்டா ஷட்டர நல்லாவே மெதுவாக்கலாம். எனக்கு பெரிய சென்சார விட, பெரிய அப்பர்ச்சர விட, பாடிக்குள்ள சென்சாரையே அசைச்சு நிலைநிறுத்தற ஸ்டெபிலைசேஷன் முக்கியம்னு இங்கதான் முடிவாச்சு.

பேப்பர்ல முடிவானா போதுமா, கைல பிடிச்சுப் பாக்கணும்ல. முதல்ல வாடகைக்கு எடுத்தது சோனி ஏ6400, 403 கிராம், கூட சிக்மா 18-50 எஃப் 2.8, சோனி மவுண்ட்ல 290. மாமல்லபுரம் எடுத்துட்டு போனேன். இந்தக் கேமராவோட ஆட்டோஃபோகஸ் பத்தி எவ்ளோ புகழ்ந்தாலும் தகும், கடற்கரைல ஓடற பசங்க முகத்த விடாம பிடிச்சுக்கிட்டே போகுது. அர்ச்சுனன் தபசு மாதிரி வெட்டவெளி சிற்பத்துக்கு எந்த சிக்கலும் இல்ல. கிருஷ்ண மண்டபத்துக்குள்ள போனப்பதான் நான் தேடினது எதுன்னு புரிஞ்சது. அங்க ஒருத்தர் பால் கறக்க, பசு கன்னுக்குட்டிய நக்கிக் குடுக்கற சிற்பம் இருக்கே, பசுவோட நாக்கும் கன்னு முதுகும் சேர்ற இடம், அத எஃப் 5.6ல எடுக்கணும்னா ஷட்டர அறுபதுல ஒரு செகண்ட விட மெதுவாக்க கை நம்பிக்கை குடுக்கல, ஐஎஸ்ஓ 6400 போயிடுச்சு. கல்லுல இருக்கற சொரசொரப்பு எது, படத்துல வர்ற நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளி, எதுன்னு பிரிக்க முடியாம ஆயிடுது. வேற படத்துக்கு நாய்ஸ் பரவால்ல. கல்லுக்கு அது ஆகவே ஆகாது, உளி பட்ட தடம்தான் அங்க விஷயமே. இதே கம்பெனில ஏ6700 பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷனோட வருது, 493 கிராம், ஆனா பாடியே லட்சத்த தாண்டுது, என் பட்ஜெட்ல இல்ல.

அடுத்தது ஃபுஜி எக்ஸ்-எஸ்10. 2020ல வந்த மாடல், 26 மெகாபிக்சல், 465 கிராம், உள்ள அஞ்சு அச்சு ஸ்டெபிலைசேஷன். அதே சிக்மா 18-50 ஃபுஜி மவுண்ட்லயும் வருது, 285 கிராம். ரெண்டும் சேந்து 750. சோனி ஜோடி 693. அதாவது 57 கிராம் கூட தூக்குனா ஸ்டெபிலைசேஷன் கிடைக்குது. அந்த சிக்மா லென்ஸ்ல தனியா ஸ்டெபிலைசேஷன் கிடையாதுங்கறதையும் சேத்துக்கோங்க, பாடில இருந்தே ஆகணும்.

இத தூக்கிட்டு நார்த்தாமலை ஏறுனேன். மேல குடைவரைல பன்னெண்டு திருமால் வரிசையா நிக்கற மண்டபம் இருக்கு, சமணர் குடகுன்னு சொல்றாங்க. பாத்த மாத்திரத்துல பன்னெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், வாசல் பக்கத்து சிலைக்கு வெளிச்சம் இருக்கும், உள்ள போகப்போக இருட்டு. முழங்கைய விலாவோட ஒட்டி, மூச்ச விட்டு நிறுத்தி, எட்டுல ஒரு செகண்டுல எடுத்தேன், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800. பெருசு பண்ணிப் பாத்தா கிரீட வேலைப்பாடு அப்படியே நிக்குது. 6400க்கும் 800க்கும் உள்ள வித்தியாசம் கல்லுல பாத்தாதான் தெரியும். நாலுல ஒரு செகண்டும் பல தடவ சரியா வந்துச்சு, எல்லா தடவயும்னு சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு எடுத்து வெச்சுக்கறது நல்லது.

அப்புறம் தாராசுரம். ரெண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேஸ்வரர் கோயில், பன்னெண்டாம் நூற்றாண்டு. இங்க பெரிய சிலைங்கள விட சின்னதுங்கதான் என்ன கட்டிப்போடும். தூண்கள்ல கொடிக்கருக்கு சுத்திக்கிட்டே போகும், ஒவ்வொரு சுழிக்குள்ளயும் உள்ளங்கை அளவுக்கு ஒரு உருவம், ஆடறா, மத்தளம் வாசிக்கறான். சிக்மாவ 50 எம்எம்ல வெச்சா 30 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட ஃபோகஸ் ஆகும், அப்ப ஃப்ரேமுக்குள்ள வர்ற அகலமே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்தான், அந்தச் சுழி ஒண்ணு மட்டும் ஃப்ரேம் முழுக்க நிக்கும். மத்தளக்காரன் விரல் மடக்கியிருக்கறது வரைக்கும் வியூஃபைண்டர்லயே தெரிஞ்சது, கொஞ்ச நேரம் க்ளிக் பண்ணாம பாத்துக்கிட்டே இருந்தேன். 18 எம்எம்ல இன்னும் கிட்ட, 12 சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம், ஆனா லென்ஸ் நிழலே சிலை மேல விழுது, உருவமும் உப்பிப்போய் தெரியுது, அதனால நான் 50லதான் எடுக்கறேன்.

கருவறை வெளிச்சுவர் அடில நாயன்மார் கதை வரிசையா இருக்கு, சுந்தரர் பாட, முதலை வாயிலேருந்து பையன் வெளிய வர்ற சிற்பம் அதுலதான். எல்லாம் கீழ, கால்மட்டத்துக்குக் கிட்ட. பழைய கேமராவோட நான் தரையில படுக்காத குறைதான். எக்ஸ்-எஸ்10ல ஸ்க்ரீன் பக்கவாட்டுல திறந்து எப்படி வேணா திரும்பும், அந்தப் பக்கம் நிழல்ங்கறதால ஸ்க்ரீனும் தெரிஞ்சது, உக்காந்து மடில கேமராவ வெச்சுக்கிட்டே வரிசையா எடுத்துட்டு போகலாம். யானையும் காளையும் ஒரே தலைய பகிர்ந்துக்கற சிற்பம், ஒரு பக்கத்த கையால மறைச்சா காளை, இன்னொரு பக்கத்த மறைச்சா யானை, அத எடுக்கும்போதும் இந்த ஸ்க்ரீன்தான் உதவுச்சு.

வாடகை கேமராவ திருப்பிக் குடுத்துட்டு வரும்போதே முடிவு பண்ணிட்டேன். இப்ப எக்ஸ்-எஸ்20 வந்துடுச்சு, 491 கிராம், பெரிய பேட்டரி, பறவை மிருகம் எல்லாம் கண்டுபிடிக்கற ஆட்டோஃபோகஸ். எனக்கு நிக்கற கல்லுதான் சப்ஜெக்ட், அதனால எக்ஸ்-எஸ்10 செகண்ட் ஹேண்ட்ல தேடி வாங்கினேன், மிச்சமான காச லென்ஸுல போட்டேன். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க பில்லு கேளுங்க, எஃப் 16ல வெள்ளச் சுவத்த எடுத்து சென்சார்ல தூசி புள்ளி இருக்கான்னு பாருங்க, லென்ஸுக்குள்ள ஃபோன் டார்ச் அடிச்சு நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருக்கான்னு பாருங்க, ஸ்டெபிலைசேஷன ஆன் பண்ணி ஒண்ணு ஆஃப் பண்ணி ஒண்ணு எட்டுல ஒரு செகண்டுல எடுத்து வித்தியாசம் தெரியுதான்னு அங்கயே பெருசு பண்ணி பாத்துடுங்க.

கோபுரத்துக்காக ஃபுஜி எக்ஸ்சி 50-230 சேத்தேன், 375 கிராம். எஃப் 4.5லேருந்து 6.7 வரைக்கும் போற லென்ஸ், பகல் வெளிச்சத்துல சுதை எடுக்க அது தாராளம். மொத்த செட் 1125 கிராம். மேல சொன்ன ஃபுல் ஃப்ரேம் ஒரே லென்ஸோட வர்ற வெயிட்ட விட இது கம்மி, பழைய செட்ட விட 875 கிராம் கம்மி.

குறைன்னு பாத்தா பேட்டரி. டி7200ல ஒரு சார்ஜுக்கு 1110 படம்னு கம்பெனி கணக்கு, இதுல 325. ஸ்பேர் பேட்டரி பைல இருக்கணும். நல்லவேளையா யூஎஸ்பி சி-ல சார்ஜ் ஆகுது, பஸ்ல போகும்போது பவர் பேங்க்ல சொருகிட்டா அடுத்த ஊர் வர்றதுக்குள்ள ஓரளவு ஏறிடும், தனி சார்ஜர் தூக்கற வேலை இல்ல. மழைக்கு சீல் பண்ணின பாடியும் இல்ல, அதனால ஐப்பசி கார்த்திகைல போகும்போது ஜிப் கவர் கட்டாயம். அதே கவர் ஏசி ரூம்லேருந்து வெளிய வரும்போதும் உதவும், கேமராவ கவருக்குள்ளயே வெச்சு வெளிக்காத்து சூட்டுக்கு வரவிட்டு எடுத்தா லென்ஸ்ல ஆவி படியாது. வீட்டுல காத்து புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், நீலம் ரோஸ் ஆனா காயவெச்சு திரும்ப போடறேன். சென்னை காத்துக்கு இது செய்யாம லென்ஸ சும்மா அலமாரில வெக்காதீங்க.

இன்னொண்ணு, சத்தமே இல்லாம எடுக்கலாம்னு எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டா, எல்இடி லைட் போட்ட மண்டபத்துல படத்துல குறுக்க பட்ட பட்டயா கோடு விழும். அங்க மெக்கானிக்கல் ஷட்டரே போடுங்க.

இப்ப யோசிச்சுட்டு இருக்கறது வைட் லென்ஸ். 18 எம்எம் சின்ன மண்டபத்துக்குள்ள பத்தல, முதுகு சுவத்துல இடிக்குது. சாம்யாங் 12 எம்எம் எஃப் 2 மேனுவல் லென்ஸ், கால் கிலோ கிட்ட வரும், அத சேத்தா மொத்தம் 1.4 கிலோ பக்கம் போயிடும். அதுக்கு முன்னாடி 18லயே செங்குத்தா நாலஞ்சு எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். தூண் வரிசை ஒட்டற இடத்துல வளையாம வந்துச்சுன்னா அந்த லென்ஸ் வேண்டாம். தை பொறந்ததும் கங்கைகொண்ட சோழபுரத்துல அத செஞ்சு பாத்துட்டு எழுதறேன்.