பைபாஸுக்குப் பிறகு காப்பியில் எத்தனை கரண்டி?

எடையைக் குறைப்பதற்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட பலரைப் போலவே, முதல் ஆண்டில் சர்க்கரையைக் கணக்குப் பார்க்கும் வேலையை உடம்பே எனக்காகச் செய்தது. இந்த அறுவையில் இரைப்பையின் மேற்பகுதி சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, நேரே சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும் பைலோரஸ் என்ற வாயில் பாதையிலிருந்து விலகிவிடுவதால், இனிப்பு மொத்தமாகக் குடலில் இறங்கி இரத்தத்திலுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசையும் வலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவர்கள் 'டம்பிங்' என்று குறிப்பிடும் இதை ஒரு முறை அனுபவித்தவருக்கு ஜாங்கிரியை மறுக்க மனஉறுதி எதுவும் தேவைப்படாது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, மீதியைக் குழாய் வடிவில் விட்டுவைக்கும் ஸ்லீவ் அறுவையில் பைலோரஸ் அப்படியே இருப்பதால் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

ஆனால் மாதங்கள் செல்லச் செல்லப் பலருக்கு டம்பிங் தணிந்துவிடுகிறது. இனிப்பு மறுபடியும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளத் தொடங்கும் அந்தக் காலம்தான், என் பார்வையில், அறுவைக்குப் பிந்தைய நாட்களில் மிகுந்த கவனம் தேவைப்படும் காலம். சிலருக்கு ஓராண்டுக்குப் பிறகு வேறொரு சிக்கலும் தலைகாட்டும்: சர்க்கரை வேகமாக உறிஞ்சப்படுவதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் சிறிது குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் மறுபடியும் இன்சுலின் எழும்பக்கூடும் என்பதால், சற்று நேரத்தில் ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடச் சொல்கிறார்கள். இது திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2015-இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 1,000 கலோரி அளவில் சாப்பிடும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த உச்சவரம்பே 25 கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். கரண்டியைக் குவித்து அள்ளும் நம் வீட்டுப் பழக்கத்தில் இன்னும் கூடும். வேளைக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று காப்பி குடித்தால், ஒரு துண்டு இனிப்பைக்கூடத் தொடாமலே அன்றைய பங்கு முடிந்துவிடும்.

திரவமாகப் போகும் சர்க்கரையைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். இட்லியும் மீனும் சிறிய வயிற்றில் சற்று நேரமாவது தங்கிப் போதும் என்ற உணர்வைத் தரும். பழச்சாறும் ரோஸ்மில்க்கும் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு என்று மாற்றிக்கொள்வதால் ஒன்றும் குறையப்போவதில்லை. அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. (இதைச் சொன்னதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் முகம் வாடிப்போகிறது.) மால்ட் பானப் பொடிகளையும் இருமல் சிரப்பையும் வாங்கும்போது அட்டையைப் படிப்பது நல்லது; உணவுப் பொட்டலங்களில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' தனி வரியாகவே இருக்கும்.

இனிப்பை அறவே ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை என்பதால், தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், பயறு. அவை இறங்கிய பிறகு இடமிருந்தால் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல். இந்த வரிசையில் சாப்பிட்டால் பெரும்பாலான நாட்களில் இடமே இருக்காது.

பரிசோதனைக் கூடத்தையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று அறிய, கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கமாக உள்ளது. பைபாஸ் செய்துகொண்டவர் அதைக் குடித்தால் அங்கேயே டம்பிங் வரலாம். ஆகவே முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, சில நாட்கள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவரும் மாற்றுவழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.