டோப்போ ஷீட்டில் போடி ரயில்: என் பிராக்டிகல் அனுபவம்

மதுரைக்காரி, போடியில் அத்தை வீடு. அதனால் புவியியல் பிராக்டிகலில் போடிநாயக்கனூர் டோப்போ ஷீட் (நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் வரைபடத் தாள்; எண் 58 எஃப்/8, மைலுக்கு ஒரு அங்குலம் என்ற பழைய அளவு) கைக்கு வந்ததும் உள்ளுக்குள் ஒரே குஷி. வைவா என்ற வாய்மொழித் தேர்வில்தான் வசமாக மாட்டினேன்.

நான் பழகியதெல்லாம் ஜெராக்ஸில். ஒரிஜினலில் சம உயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) பழுப்பு, ரோடு சிவப்பு. ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு, மலைப்பாதை எது, சம உயரக் கோடு எது என்றே தெரியாது. அதைவிட மோசம், ஏ3 தாளில் அடங்கட்டும் என்று சுருக்கியிருந்தார்கள். 1:63,360 என்ற அளவு விகிதம் அப்படியே இருக்கும், ஆனால் சுருக்கிய தாளுக்கு அது பொய். அடியில் உள்ள கோட்டு அளவுகோல் மட்டும் தாளோடு சேர்ந்து சுருங்கும், அதையே நம்புங்கள். இந்தத் தாளில் உயரம் அடிக் கணக்கில் (feet) இருக்கும். நான் மீட்டர் என்று எழுதி மதிப்பெண் இழந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) கேட்டார்: "ரயில் ஏம்மா போடியோட நின்னுபோச்சு?"

"நிதி இல்லை சார்" என்றேன். சிரித்துவிட்டார். பதில் தாளிலேயே இருந்தது. ஊருக்குக் கிழக்கே தேனிப் பக்கம் சம உயரக் கோடுகள் விலகி விலகிப் போகும். மேற்கே சீப்புப் பல் மாதிரி நெருக்கியடிக்கும், அதாவது செங்குத்தான மலை, ரயில் ஏறாது. அதனால்தான் அந்தக் காலத்தில் மேலே மூணாறு மலையின் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை ரோப்வேயில் அடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது.

அடுத்து, சர்வே செய்த ஆண்டைப் பாருங்கள். அச்சான ஆண்டு வேறு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளை ரயில் 1924 வெள்ளத்தோடு போனது. மதுரை–போடி மீட்டர்கேஜ் 1928-இல் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியதே இல்லை. போடி தண்டவாளத்தையும் 1942-இல் போருக்காகப் பெயர்த்துவிட்டு, 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். இப்போதுள்ள அகலப்பாதை போடியை எட்டியது 2023-இல். ஆக, ரயில் கோட்டை வைத்தே தாளின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

போடி பத்தாவது அட்சக்கோட்டை ஒட்டி, தாளின் அடி விளிம்பில் கிடக்கிறது. தெற்கே அடுத்த தாள் எது என்று கேட்டால் 58 ஜி/5 என்று சொல்லத் தெரிய வேண்டும். கண்மாய்க் கரையோரம் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன 'ஆர்' இருந்தால் அது கரையின் ஒப்பு உயரம், அதாவது பக்கத்துத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது, கடல் மட்டத்திலிருந்து அல்ல.

வளைந்த பாதையை அளக்கத் தையல் நூலை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த நூல் வளைவில் எழும்பும். இரண்டு துண்டாக எடுத்துப் போங்கள்; என்னிடம் கடன் வாங்கியவள் இன்னும் திருப்பித் தரவில்லை.