கறுப்பு மணலும் நான் இழந்த புள்ளிகளும்: கனியம் வேறு, மூலகம் வேறு

உயர்தர இரசாயனவியலில் கைத்தொழில் இரசாயனப் பகுதியைக் கடைசி வாரத்தில் மனனம் செய்துகொள்ளலாம் என்று எண்ணியிருக்கும் வன்னித் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தவணைப் பரீட்சை ஒன்றில், கனிய மணலிலுள்ள இல்மனைற்றைப் பற்றிய வினாவுக்கு, "இல்மனைற்று என்பது இரும்பும் தைற்றேனியமும் சேர்ந்த கலவை, காந்தத்தால் இரும்பை அகற்றினால் தைற்றேனியம் எஞ்சும்" என்று மிகுந்த நம்பிக்கையுடன் எழுதினேன். அந்தப் பகுதிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

பிழை எங்கே தொடங்கியது என்று பின்னர் யோசித்தபோது, சாதாரண தரத்தில் படித்த ஒரு சொல்லில் போய் நின்றது. இரும்பு, கல்சியம், அயடீன் ஆகியவற்றை உணவிலுள்ள கனியுப்புக்கள் என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தோம். அதனால் கனியம் என்றாலே இரும்பு, கல்சியம் என்ற மூலகங்களின் பெயர்களே என் மனதில் எழுந்தன. புவிச்சரிதவியலாளரும் இரசாயனவியலாளரும் கனியம் என்று சொல்வது அதுவன்று. இயற்கையில் உண்டான, திண்மமான, குறித்த இரசாயன அமைப்பும் ஒழுங்கான பளிங்குக் கட்டமைப்பும் கொண்ட பொருளையே அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். மூலகமோ ஒரே வகை அணுக்களால் ஆனது.

விடைத்தாளைப் பார்த்த எங்கள் ஆசிரியர் திட்டவில்லை. கொக்கிளாய்க் கரையிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த கறுப்பு மணலில் ஒரு பிடியைத் தாளில் பரப்பி, பழைய கணினி வன்றட்டிலிருந்து கழற்றிய வலிமையான காந்தத்தை அதன்மேல் பிடித்தார். கறுப்பு மணிகள் எழுந்து ஒட்டிக்கொண்டன; வெளிர் மணிகள் தாளிலேயே கிடந்தன. "இப்போது எதைப் பிரித்திருக்கிறாய்?" என்று கேட்டார். இரும்பு என்றேன். ஒட்டிய மணிகளைக் காட்டி, இதற்குள் இருந்த தைற்றேனியமும் ஒட்சிசனும் எங்கே போயின என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் விளங்கியது: காந்தம் தூக்கியது இரும்பையன்று, முழு இல்மனைற்று மணியை.

இல்மனைற்றில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு தைற்றேனியமும் மூன்று ஒட்சிசனும் என்ற விகிதம் உண்டு. சாரணுத்திணிவுகளை 56, 48, 16 என்று எடுத்தால் மொத்தம் 152. ஆகவே 100 கிராம் இல்மனைற்றில் தைற்றேனியம் ஏறத்தாழ 31.6 கிராம். இந்தக் கணக்கு சரியானதே. ஆனால் அந்த 31.6 கிராம் உலோகமாக உள்ளே ஒளிந்திருப்பதில்லை; ஒட்சிசனோடு பிணைந்து, பளிங்கில் தனக்குரிய இடத்தில் நிற்கிறது. மூச்சுக்கு உதவும் வாயுவாகிய ஒட்சிசன் அந்தக் கல்லில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்பதை நினைத்தாலே, கனியத்தின் இயல்பு அதன் மூலகங்களின் இயல்புகளைக் கூட்டிப் பெறுவதன்று என்பது தெளிவாகும்.

கூறுகள் ஒன்றாயிருந்தாலும் கனியம் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. ரூட்டைல், அனற்றேசு, புறூக்கைற்று ஆகிய மூன்றும் தைற்றேனியம் ஈரொட்சைட்டே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறுபடுவதால் மூன்று கனியங்கள்.

பரீட்சையில் எனக்கு மிகவும் உதவியது, எந்தப் படிமுறையைக் கண்டாலும் "இங்கே பிணைப்பு உடைகிறதா?" என்று கேட்டுப் பார்க்கும் பழக்கமே. புல்மோட்டை மணலிலிருந்து இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றை அடர்த்தி, காந்த இயல்பு, மின்கடத்தும் இயல்பு ஆகியவற்றின் வேறுபாட்டால் பிரிக்கிறார்கள். இவை பிணைப்பை உடைக்காத பௌதிக முறைகள், கிடைப்பவை கனியங்கள். தைற்றேனியம் வேண்டுமென்றால் ரூட்டைலைக் கற்கரியுடன் உயர் வெப்பநிலையில் குளோரீனோடு தாக்கமுறச் செய்து நாற்குளோரைட்டாக்கி, பின் மகனீசியத்தால் தாழ்த்த, அதாவது குளோரீனை அகற்றி உலோகமாக்க, வேண்டும். இந்த இரண்டு கட்டங்களையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால் புள்ளி போய்விடும்.

வரலாறும் இதே வேறுபாட்டையே காட்டுகிறது. நம் நாட்டுச் சிர்க்கோன் இரத்தினக்கல்லாக நெடுங்காலம் மக்கள் கையில் இருந்தது; இலங்கையிலிருந்து சென்ற அத்தகைய கல்லை 1789 இல் ஆராய்ந்தே ஜேர்மன் இரசாயனவியலாளர் கிளாப்புரோத்து சிர்க்கோனியம் என்ற மூலகம் உண்டென அறிந்தார்; அதை உலோகமாக, அதுவும் தூய்மையற்ற நிலையில், சுவீடன் இரசாயனவியலாளர் பெர்சிலியசு பிரித்தெடுத்தது 1824 இல். தோரியத்தில் வரிசை மாறியது. மூலகம் 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அறியப்பட்டுவிட்டது; அதன் ஒட்சைட்டான தோரியனைற்று என்ற கனியம் 1904 இல்தான் இலங்கையிலிருந்து அறிமுகமானது. அதில் ஆனந்த குமாரசுவாமியின் பங்கு உண்டு என்பதை, கலை வரலாற்றாளராக மட்டுமே அவரை அறிந்த பிள்ளைகளுக்கு நான் விருப்பத்தோடு சொல்வதுண்டு.

பல்தேர்வு வினாக்களுக்காக ஓர் எச்சரிக்கை. மூலகம் ஒருபோதும் கனியமாகாது என்று எழுதிவிடாதீர்கள். போகலையில் அகழப்படும் காரீயம் (கிரபைற்று) காபன் மட்டுமே. ஆயினும் அது கனியம். வைரமும் காபன் மட்டுமே, அதுவும் கனியம், ஆனால் வேறொரு கனியம்.