மைக் செட்காரர் வீட்டு இசைத்தட்டுகள்

வேலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வருகிறார்கள், மற்றவர்கள் கோட்டைக்கும் ஸ்ரீபுரத்துப் பொற்கோயிலுக்கும் வருகிறார்கள். அம்மாவின் பரிசோதனைகளுக்காகக் கார்த்திகை மாதத்தில் நானும் அங்கே காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு விடுதியில் தங்க நேர்ந்தது. அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு தரும் விடுதிகளும், வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த மீன்சோற்றுக் கடைகளுமாக அந்தத் தெரு தமிழ்நாட்டில் இருப்பதையே சில சமயம் மறக்கச் செய்துவிடும். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் நாள்கள் சும்மா கிடந்தன. அம்மாவுக்குத் துணையாகச் சித்தி இருந்ததால் நான் ஊர் சுற்றக் கிளம்பினேன்.

லாங் பஜாருக்கு அருகே ஒரு சந்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றைக் கண்டு, பழைய ஒலிநாடாக்கள் கிடைக்குமா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, ஒலிநாடா என்ன, இசைத்தட்டே வேண்டுமானாலும் குடியாத்தத்துக்குப் போங்கள் என்று கூறி, அங்கே மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவரின் தெருவுக்கு வழி சொன்னார். மறுநாள் காலையில் பள்ளிகொண்டா வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினேன். பாலாற்றில் வழக்கம்போல மணல்தான் பெரிதாகத் தெரிந்தது. குடியாத்தத்தில் இறங்கி, கைத்தறிச் சத்தம் கேட்கும் இரண்டொரு தெருக்களைக் கடந்து அவர் வீட்டை அடைந்தேன்.

எழுபதைத் தாண்டியவர். வீட்டின் முன்னறையில் கூம்பு ஒலிபெருக்கிகள் உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கின. கீழே இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் சிவப்பு வண்ணத்தில் அவருடைய கடைப் பெயர் எழுதப்பட்டிருந்தது. திருவிழாவில் இரண்டு மைக் செட்டுகள் அருகருகே போடும்போது தட்டுகள் கலந்துவிடாமலிருக்க இந்த ஏற்பாடாம். நாகூர் ஹனீபாவின் தட்டுகளுக்கு மட்டும் ஒரு தனிப் பெட்டி. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து மீலாது விழாக்களுக்கும், தி.மு.க. கூட்டங்களுக்கும் அதே பெட்டிதான் போகுமாம்!

அவரிடமிருந்த பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்பவை. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நம் திரைப்பாடல்களின் நீளத்துக்கும், பெரிய வித்வான்கள்கூட ஆலாபனையைச் சுருக்கிக் கீர்த்தனையை முடித்ததற்கும் இந்த அளவே ஒரு முக்கியக் காரணம். அவை அரக்கு கலந்து செய்யப்பட்டவை. கைதவறினால் அப்பளமாக நொறுங்கிவிடும். 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழன்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் கொடுத்தது. இசைத்தொகுப்பு என்று நாம் இன்று சொல்வது ஒரே பொருளாக, ஒரே மூச்சில் கேட்கக்கூடியதாக உருவானது அதன் பிறகுதான்.

அவர் ஒரு தட்டைச் சுழலவிட்டு, பாட்டு பாதியில் இருக்கும்போது நான் அடுத்ததைக் காட்டிக் கேட்டபோது, கையை நீட்டித் தடுத்தார்.

"இரு தம்பி. பிளேட்டு போட்டா முழுசா ஓட வுடணும். நடுவுல முள்ளத் தூக்குனா ஊரே நம்மளத்தான் திரும்பிப் பாக்கும்."

ஊர் முழுவதற்கும் பாட்டு போட்டவரின் தொழில் ஒழுக்கம் அது. விநாயகர் பாட்டில் தொடங்கி, முருகன், அம்மன் என்று வந்து, மாலையில் திரைப்பாடல்களுக்கு மாறி, இரவில் திருவிளையாடல் போன்ற படங்களின் கதை வசனத் தட்டுகளில் முடிப்பது அவருடைய வரிசை. அதை யாருக்காகவும் மாற்றமாட்டாராம். கைப்பேசியில் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததற்குத் தாவிப் பழகிய எனக்கு, பாட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு என்பதே அங்கேதான் உறைத்தது.

எல்.பி. தட்டுகள் கொண்ட அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. வேலூரிலிருந்து ஊர் மாறிப்போன ஒரு மருத்துவர் விட்டுச் சென்றதாம். "இதுக்கெல்லாம் கல்யாண வூட்ல கிராக்கி இல்ல" என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்தார். அது 1967-இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி'. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார் ஆகிய மூன்றும் சேர்ந்து காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்லும் தொகுப்பு. சந்தூர் காஷ்மீரத்துக் கருவி. இந்துஸ்தானி மேடையில் அதற்கு ஓர் இருக்கை வாங்கித் தந்தவர் சிவகுமார் சர்மா. கிதாரோ முற்றிலும் அயல்நாட்டது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ராகங்களால் கதை சொல்லத் துணிந்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

முதல் பக்கம் ஆகிர் பைரவில் விடிகிறது. நம் சக்ரவாகத்துக்கு நெருங்கிய ராகம். சந்தூரின் தந்திகள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டு, குழல் மெல்ல உள்ளே வந்து, நட் பைரவுக்கு நகர்ந்து, பிறகு பீலுவில் பகல் ஏறுகிறது. அத்துடன் பக்கம் முடிந்து முள் உள்வளையத்தில் கரகரக்கிறது. பெரியவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கம் தொடங்குவது பூப், அதாவது நம்முடைய மோகனம். மாலை நேரத்து ராகம். அடுத்து தேஸ், கடைசியில் பகாடி. தட்டைத் திருப்பும் அந்த அரை நிமிட மௌனத்தில் பகல் சாய்ந்து பொழுது இறங்கிவிடுகிறது. இதைத் திட்டமிட்டே செய்தார்களா, இடப் பங்கீட்டில் தானாக அமைந்ததா என்பது எதுவாயினும், கேட்பவனுக்குக் கிடைப்பது முழுமையான ஒரு நாள்.

விடுதிக்குத் திரும்பி அதையே கைப்பேசியில் தேடிக் கேட்டபோதுதான் வேறுபாடு புரிந்தது. பின்னாளைய குறுந்தகட்டில் வேறு சில பதிவுகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த வடிவமே. இடையன் உறங்கப்போன பிறகும் வாசிப்பு நிற்காமல் தொடர்கிறது. தாராள மனத்துடன் செய்ததாகவே இருக்கலாம். ஆனாலும் கதை முடிந்த பிறகு எழுந்து போகத் தெரியாத விருந்தாளியைப் போன்ற உணர்வே எனக்கு ஏற்பட்டது.

பெரியவர் வீட்டில் அன்று கேட்ட மற்றொரு தொகுப்பு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. திரைப்படத்துக்காக அல்லாமல் 1986-இல் அவர் வெளியிட்டு, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு. இதைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் வரிசையாக முழுவதும் கேட்டவர் அதைவிடக் குறைவு என்பது என் எண்ணம். நானும் அதுவரை துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். பாஹைத் தம் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட உருப்படியில், பாஹ் தனி வயலினுக்காக எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்னும் இசைக்கோவையின் முன்னிசை வருகிறது. அதைச் சுற்றி இளையராஜா தம் இசையைக் கட்டுகிறார். உடனே அடுத்து வரும் உருப்படியின் தலைப்பு, இருவரும் பேசிக்கொண்டதாகச் சொல்கிறது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் சந்திப்பிலிருந்து உரையாடலுக்குள் நுழைவதை அடுத்தடுத்துக் கேட்டால்தான் தலைப்புகளுக்கே பொருள் விளங்கும். கலைத்துப் போட்டுக் கேட்கும்போது பேச்சு முந்தி, சந்திப்பு பிந்திவிடும்.

இளையராஜா தட்டைப் பெரியவர் விலைக்குக் கொடுத்தார். 'கால் ஆஃப் தி வேலி'யையும் கேட்டேன், தயங்கித் தயங்கிக் கொடுத்துவிட்டார். விடுதியில் அடுத்த அறையிலிருந்த வங்காளப் பெரியவர் அதன் உறையை வாங்கிப் பார்த்து, பின்புறத்துக் கல்கத்தா முகவரியில் விரலை வைத்துக்கொண்டு, தம் வீடு கிராமபோன் கம்பெனி ஆலை இருந்த டம் டம் பக்கம்தான் என்றார். தட்டு செய்யத் தேவைப்பட்ட அரக்கு சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து வந்தது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த இன்னொரு குடும்பம் சிரித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

தட்டு வாங்கப் போகிறவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். மேலோட்டமான கீறல் பெரும்பாலும் ஒலியில் அதிகம் தெரியாது, நகத்தில் தட்டுப்படும் கீறல் நிச்சயம் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்தால் வளைந்துவிடும். குடியாத்தம் பெரியவரிடம் கதை வசனத் தட்டுகளை மட்டும் கேட்க வேண்டாம், அவை விற்பனைக்கில்லை. சித்திரைக் கடைசியிலும் அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் முழுவதும் அவர் ஏதாவதொரு தெருவில் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பார்.