போக்கியத்துக்கு விட்டோம்

சட்டப் படிப்பின் கடைசி செமஸ்டரை டெல்லியில் கழித்தேன், சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில். 2025 ஜனவரி முதல் வாரம் போய் இறங்கியபோது எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. மதுரைக்காரிக்கு அந்தக் குளிர் பழகவே இரண்டு வாரம் ஆனது. ஜங்புராவில் அறை. காலையில் வயலட் லைன் மெட்ரோ பிடித்து, மண்டி ஹவுஸில் ப்ளூ லைனுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே சுப்ரீம் கோர்ட். மதியத்துக்கு மேல் அலுவலக வேலை. வழக்குக் கட்டுகளுக்குப் பக்க எண் போடுவது, ரிஜிஸ்ட்ரி (கோர்ட்டின் பதிவகம்) சுட்டிக்காட்டும் குறைகளைச் சரிசெய்வது, தீர்ப்புகள் தேடுவது. எல்லா இன்டர்ன்களும் செய்வதுதான்.

மூன்றாவது வாரம் மேடம் ஒரு கட்டை என் மேசையில் வைத்தார். "தமிழ்நாட்டு வழக்கு. மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, ஒருமுறை ஒப்பிட்டுப் பார்." அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

(ஊரையும் சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) விழுப்புரம் பக்கத்து நிலத் தகராறு. வாதி எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, ஹைகோர்ட்டில் இரண்டாம் மேல்முறையீட்டில் தோற்றிருந்தார். அந்தத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனு போட வேண்டும். அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவுப்படி அங்கே எல்லாம் ஆங்கிலம். அதனால் தமிழில் இருக்கும் ஒவ்வொரு காகிதமும் ஆங்கிலமாகி, அடியில் 'ட்ரூ டிரான்ஸ்லேட்டட் காப்பி' என்று முத்திரை வாங்கித்தான் உள்ளே போகும்.

வா.சா.1, அதாவது வாதி தரப்பின் முதல் சாட்சியான பாட்டியின் சாட்சியம். அவருடைய சொந்த வக்கீல் நடத்தும் முதல் விசாரணையிலேயே இப்படி ஒரு வரி: "1981இல் என் கணவரின் வைத்தியச் செலவுக்காகத் தாவா நிலத்தைப் பிரதிவாதியின் தகப்பனாருக்குப் போக்கியத்துக்கு விட்டோம்."

மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். 'அனுபவித்துக்கொள்ளும்படி நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது.

ஏதோ தப்பாகப் பட்டது. ஆனால் போக்கியம் என்ற சொல் எனக்கும் அத்தனை பழக்கம் இல்லை. அலுவலகத்தில் சமையல் செய்யும் அக்கா விழுப்புரத்துக்காரர், பக்கத்தில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தார். ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். சப்பாத்தி உருட்டிக்கொண்டே சொன்னார்: "நெலத்த குடுத்து பணம் வாங்கறது. அவன் பயிர் வச்சி சாப்புடுவான். பணத்த திருப்பிக் குடுத்தா நெலம் நம்மளுது."

அட, எங்கள் ஊர் ஒத்தி!

சட்டத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆவது பிரிவில் சொல்லும் அனுபவ அடமானம். நிலம் கைமாறும், உரிமை மாறாது. இதில் 2014இல் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கொடுத்த முக்கியமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது, சிங் ராம் எதிர் ஷியோ ராம். அனுபவ அடமானம் வைத்து முப்பது வருடம் ஓடிவிட்டது என்பதற்காக மட்டும் நிலத்தை மீட்கும் உரிமை போய்விடாது என்றது அது. மேடம் மனுவையே அதன் மேல்தான் கட்டியிருந்தார். எதிர்த்தரப்போ, 'அவர்கள் எப்போதோ நிலத்தை எங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோர்ட்டுக்கு நாம் கொடுக்கும் கட்டிலேயே (பேப்பர் புக்) பாட்டி அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்?

மேடத்திடம் போனேன். அவர் லக்னோ பக்கம். "விட்டோம் என்றால் விட்டுவிடுவதுதானே?" என்று கேட்டார். வீட்டை வாடகைக்கு விடுவது, வயலைக் குத்தகைக்கு விடுவது, குடிப்பழக்கத்தை விடுவது, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒரே வினைச்சொல். முதல் இரண்டில் பொருள் நம்முடையதாகவே இருக்கிறது, மூன்றாவதில்தான் கைவிடுகிறோம். இந்த வேறுபாடு எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும், ஆனால் யாரும் அதை யோசித்துப் பார்ப்பதில்லை. நானும் அன்றைக்குத்தான் யோசித்தேன். மேடம் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, முழுச் சாட்சியத்தையும் நீயே மறுபடி செய்" என்றார்.

நான்கு இரவுகள் ஆனது. குறுக்கு விசாரணைதான் ரொம்பக் கஷ்டம். நம் கோர்ட்டுகளில் கேள்வியைத் தனியாக, பதிலைத் தனியாக எழுதுவது குறைவு. 'நிலத்தை நாங்கள் சும்மா விட்டுவிட்டோம் என்று சொன்னால் சரியல்ல' என்று இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். பழைய மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் 'சரியல்ல' மட்டும் விடுபட்டிருந்தது. கையெழுத்துப் பிரதியில் அது அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். எதிரி வக்கீல் சொன்னது பாட்டி சொன்னதாகவே மாறிப் போயிருந்தது.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்கே வேண்டும் என்ற அவசரம். ஆனால் ஒரு மனுஷி கூண்டில் ஏறி நின்று தன் வாயால் சொன்ன சொல், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகும்போது எதிராளியின் சொல்லாகிவிடக் கூடாது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளை இப்போது தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறார்கள், நல்ல காரியம். கீழேயிருந்து மேலே போகும் சாட்சியத்துக்கும் அதே அக்கறை வேண்டும். சட்டம் படிக்கும் தமிழ் மாணவர்கள் டெல்லிக்குப் போனால் இந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மனு பட்டியலில் வந்தது. புதிய மனுக்களை திங்கள், வெள்ளியில்தான் எடுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். நான் பின்னால் நின்றிருந்தேன். அடமானம் என்பதற்குச் சாட்சியம் எங்கே என்று நீதிபதி கேட்டார். மேடம் "பக்கம் 84" என்றார். நீதிபதி பக்கத்தைத் திருப்பி, குனிந்து படித்தார். பக்கத்து நீதிபதியிடம் ஏதோ சொன்னார். அப்புறம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவு.

அக்காவிடம் சொல்ல அலுவலகத்துக்கு ஓடினேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம், அன்றைக்கு வடை சுட்டார். நான் ஊர் திரும்பிய பிறகு, ஜூன் 1ஆம் தேதி மதராசி கேம்ப்பை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அது ஊரின் மறுகோடியில், நரேலாவில். ஜங்புராவுக்கு தினமும் வந்து போகிற தூரமா அது? அக்காவின் பழைய நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டீஸ் உத்தரவான அன்று சாயங்காலம் மேடம் என்னைத்தான் பாட்டி வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னார். நோட்டீஸ் என்றால் ஜெயித்ததாக அர்த்தமில்லை, மனுவைத் தள்ளாமல் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மகனுக்கு விளக்கினேன். பாட்டி போனை வாங்கினார்.

"நான் சொன்னத அவங்க படிச்சாங்களா கண்ணு?"

"படிச்சாங்க பாட்டி. நான் பாத்தேன்."

"அப்ப சரி" என்று போனை மகனிடமே கொடுத்துவிட்டார். அவர் அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டார்.