கல்லே இல்லாத ஊரில் ஒரு பழைய வீடு

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றை ஒட்டி. எவ்வளவு ஆழம் வெட்டினாலும் வண்டலும் களிமண்ணும்தான் வரும், பாறை தட்டுப்படாது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது, குடியானவர் வீட்டுக்கு எங்கே போவது? தாத்தாவின் அப்பா கட்டிய எங்கள் வீட்டில் கல் என்றால் வாசற்படி, அம்மி, ஆட்டுக்கல் அவ்வளவுதான். மற்றதெல்லாம் செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, பனஞ்சட்டம், நாட்டு ஓடு.

போன வருஷம் நிலைவாசலின் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது மேல்கட்டையில் 'பவ வருஷம் தை மாதம்' என்று உளியால் செதுக்கிய எழுத்து வெளியே வந்தது. பவ வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும், கட்டியவரின் வயதை வைத்துப் பார்த்தால் அது 1935 தொடக்கம். மேட்டூர் அணை திறந்தது 1934-இல். "அணைத் தண்ணி வந்து முதல் வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் கட்டினது" என்று அத்தை சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உண்மையில் அது மனிதர்களுக்காக மட்டும் கட்டிய வீடு இல்லை, நெல்லுக்காகவும் கட்டியது. கூடத்தின் பெரிய சுவரைப் பத்தாயத்துக்கு, அதாவது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டு மிச்ச இடத்தில் நாங்கள் படுத்தோம். மேல்மூடியைத் திறந்து நெல்லைக் கொட்டுவார்கள், கீழே ஒரு சாண் அகலத்தில் வாய், அதன் பலகையைத் தூக்கினால் நெல் சரசரவென்று மரக்கால் என்ற அளவுப் பாத்திரத்தில் இறங்கும். மரக்கால் உரசி உரசி அந்த வாயின் விளிம்பு நடுவில் குழிந்து வழவழப்பாகிவிட்டது, விரலை வைத்தால் சரியாக உட்காரும். பக்கத்துச் சுவரில் கரிக்கோடுகள், பன்னிரண்டு மரக்காலுக்கு ஒரு கலம் என்று தாத்தா போட்ட கணக்கு. அந்தச் சுவரில் வெள்ளையடிக்க இன்றுவரை நான் யாரையும் விட்டதில்லை.

மழைக்காலத்தில் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். இரண்டு கூரை சேரும் கூடல்வாய்க்கு நேர்கீழே அண்டாவை வைத்தால் ஐப்பசியில் அரை மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் ஓட்டில் பாதியைக் கொண்டுபோனது. நாட்டு ஓடு என்பது சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, ஈரமாக இருக்கும்போதே இரண்டாகப் பிளந்து சூளையில் வைப்பது. அதை இப்போது செய்கிறவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இல்லை, அதனால் இடிக்கிற வீடுகளிலிருந்து எண்ணி எண்ணி வாங்கி வந்து வேய்ந்தோம். சரி, கூரை தப்பித்தது என்று இருந்தபோது சுவரில் நான் பெரிய தப்பு செய்தேன். உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசச் சொன்னேன், நன்றாகத்தான் இருந்தது, இரண்டே மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, கூடவே உள்ளிருந்த செங்கல்லும் மாவாக உதிர்ந்தது. வயதான ஒரு கொத்தனார் வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மண்ணுல இருந்து ஏறுற ஈரம் வெளிய போற வழிய அடைச்சுட்டீங்களே தம்பி" என்றார். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது, அது செங்கல்லுக்குள்ளேயே நின்று அரித்துவிடும். தொண்ணூறு வருஷம் நின்ற சுவரை இரண்டு மழைக்காலத்தில் நானே கெடுத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தாகிவிட்டது. கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறோம், அதில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் தனித்தனிப் பானையில் ஊறுகின்றன. கொத்தனார் வாரம் ஒருமுறை வந்து குழியைக் கிளறி, விரலில் தொட்டுப் பார்த்து, "இன்னும் வெண்ணெயா வரல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதுவரை சுவர் திறந்தபடிதான் கிடக்கும்.